இடம் மாறிய வீரர்கள்

நுழையும்முன்

"உன் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் சிலர் உடனே விடை கூறிவிடுவர். சிலர் சற்றுத் தயங்குவர். பிறந்தது ஓர் ஊர், படிப்பது மற்றோர் ஊர், விடுமுறைக்குச் செல்லும் தாத்தா பாட்டியின் ஊர் வேறொன்று என்றால் எந்த ஊரைச் சொல்வது? அவ்வாறு தயங்கக்கூடிய வீரர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, ஆசியக் கண்டத்தின் கால்பந்துத் தங்கத்தை இந்தியாவுக்கு வென்று தந்தனர். அந்த வரலாற்றை இப்பாடத்தில் படிப்போம்.

*

1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள். இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் நிறைவு நாள். செனாயன் அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டிருந்தனர். இந்தியாவும் தென்கொரியாவும் மோதும் கால்பந்து இறுதியாட்டம் தொடங்கவிருந்தது.

இந்திய வீரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து அரங்கை நோக்கிச் சென்றது. அதில் இந்தியாவின் கொடி இல்லை. பாதுகாப்புக் கருதி அது அகற்றப்பட்டிருந்தது. வெளியே இருப்போர் கண்ணில் படாதவாறு வீரர்கள் தாழ்ந்து அமர்ந்து சென்றதாகப் பின்னாளில் அவர்களே கூறினர். விளையாடச் சென்றவர்கள் ஒளிந்து செல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது?

ஆசிய விளையாட்டுப் போட்டிகள் ஆசிய நாடுகள் அனைத்துக்கும் பொதுவானவை. ஆனால் 1962இல் போட்டிகளை நடத்திய இந்தோனேசிய அரசு, இஸ்ரேல், தைவான் ஆகிய இரண்டின் வீரர்களும் நாட்டுக்குள் வர இசைவு தரவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் குரு தத் சோந்தி என்னும் இந்தியர். சிலரை விலக்கி வைத்து நடத்தும் போட்டிகளுக்கு 'ஆசிய விளையாட்டுப் போட்டிகள்' என்னும் பெயர் பொருந்தாது என்று அவர் வாதிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனினும், விழாக்கோலம் பூண்டிருந்த நாட்டில் அச்சொல் தீயாய்ப் பரவியது. செப்டம்பர் 3ஆம் நாள் ஒரு பெருங்கூட்டம் ஜகார்த்தாவிலுள்ள இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. சோந்தி அந்நாட்டைவிட்டு வெளியேறினார்.

மறுநாள்தான் இறுதியாட்டம். தூதரகத்தின்மீது எழுந்த சினம் இப்போது பதினொரு வீரர்களின்மீது திரும்பியது. அவர்கள் களத்துக்குள் வந்தபோது அரங்கம் கூச்சலிட்டது. நம் நாட்டுப்பண் ஒலித்தபோதும் அக்கூச்சல் ஓயவில்லை.

*

இந்த அணியை உருவாக்கியவர் சையத் அப்துல் ரஹீம். ஐதராபாத்தைச் சேர்ந்த இவர் ஒரு பள்ளி ஆசிரியர். 'ரஹீம் சாகிப்' என்றே வீரர்கள் அவரை அழைத்தனர். 1950 முதல் இந்திய அணிக்குப் பயிற்சியளித்து வந்தார்.

அவர் பொறுப்பேற்ற காலத்தில் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் விளையாடி வந்தனர். 1951இல் புது தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா தங்கம் வென்றது. ஆனால் அடுத்த ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்றது. அத்தோல்விக்குப் பின்னரே காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், அதே இந்தியா அரையிறுதி வரை சென்று நான்காம் இடம் பெற்றது. பத்துக் கோல் வாங்கிய அணியை உலகின் முதல் நான்கு அணிகளுள் ஒன்றாக நான்கு ஆண்டுகளில் உயர்த்திய ஆசிரியரைப் பற்றி நம் பாடநூல்கள் போதிய அளவு பேசவில்லை என்றே கூற வேண்டும்.

ரஹீமின் பயிற்சி முறைகள் புதுமையானவை. ஒருவர் வலக்காலால் மட்டும் நன்றாக உதைப்பவராயின், இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்னும் விதியுடன் ஆட்டங்கள் நடத்துவார். பந்தைத் தானே உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது, உடனே பிறருக்குத் தர வேண்டும் என்னும் விதியுடன் வேறு சில ஆட்டங்கள் நடைபெறும். பழகிய காலை விட்டுப் பழகாத காலால் விளையாடுவது எவ்வளவு கடினம் என்பதை இன்று மாலையே நீங்கள் முயன்று பார்க்கலாம்.

1962இல் அவருக்கு வயது 53. நுரையீரல் புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. அந்நிலையிலும் அணியுடன் ஜகார்த்தாவுக்குச் சென்றார்.

*

இனி, அவருடைய வீரர்களைக் காண்போம்.

கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ், ஐதராபாத்தில் 1935இல் பிறந்தவர். ஆறடிக்கும் மேற்பட்ட உயரம் உடையவர். இளமையிலேயே இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியில் வெலிங்டன் என்னும் ஊரிலுள்ள மெட்ராஸ் படைப்பிரிவு மையத்துக்குச் சென்றார். அங்கு அவர் முதலில் கோல் காக்கவில்லை. கோல் அடிக்கும் முன்கள வீரராகவே விளையாடினார். பின்னரே கம்பங்களுக்கு இடையே நிறுத்தப்பட்டார். அவரை அங்கே நிறுத்தியவரின் கண் கூர்மையானது. வெலிங்டன் அணி 1955இலும் 1958இலும் புகழ்பெற்ற துராந்து கோப்பையை வென்றது. தங்கராஜ் 1956, 1960 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கும் சென்றார்.

துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடா என்னும் சிற்றூரில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். எளிய குடும்பம். ரஹீமின் கண்ணில் பட்டதால் அவர் வாழ்வு மாறியது. இருபது வயதளவில் கல்கத்தாவுக்குச் சென்று ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வலிமைமிக்க ஹங்கேரி அணிக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் இவருடையது.

இவ்விருவரும் தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்தவர்கள். ஆனால் அந்த அணியில் இடம் மாறியவர்கள் இவர்கள் மட்டும் அல்லர்.

தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் பிறந்தது லயால்பூர் மாவட்டத்தில். 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது அப்பகுதி பாகிஸ்தானுக்குச் சென்றது. சிறுவனாயிருந்த அவர் எல்லையைக் கடந்து இந்தியப் பஞ்சாபுக்கு வந்து சேர்ந்தார். அணித்தலைவர் சுனி கோஸ்வாமி பிறந்த கிஷோர்கஞ்ச், அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் இருந்தது. இன்று அது வங்காளதேசத்தில் உள்ளது. வலப்பக்க முன்கள வீரர் பிரதீப் குமார் பானர்ஜி, வங்காளத்தின் வடபகுதியில் பிறந்து, எஃகு நகரான ஜம்ஷெட்பூரில் வளர்ந்தவர். ஃபார்ச்சுனாட்டோ ஃபிராங்கோ கோவாவைச் சேர்ந்தவர்; போர்ச்சுகீசியர் ஆட்சியிலிருந்து கோவா விடுபட்டு இந்தியாவுடன் இணைந்து அப்போது ஓராண்டுகூட நிறைவுறவில்லை. சந்திரசேகர் கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடாவிலிருந்து பம்பாய்க்குச் சென்றவர். யூசுஃப் கான் ஐதராபாத்துக்காரர்.

ஓர் ஆட்டத்தின் இடையே ஒருவரையொருவர் அழைக்க அவர்களுக்கு எத்தனை மொழிகள் தேவைப்பட்டிருக்கும்! ஆயினும் களத்தில் நீண்ட சொற்றொடர்களுக்கு இடமில்லை. ஒரு பெயர், ஒரு கையசைவு, சரியான நேரத்தில் உதைக்கப்பட்ட ஒரு பந்து, இவையே போதுமாயிருந்தன.

*

போட்டியின் தொடக்கம் நன்றாக அமையவில்லை. எட்டு நாடுகள் இரு பிரிவுகளாக ஆடின. முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 0–2 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4–1 என்றும், ஜப்பானை 2–0 என்றும் வென்று அரையிறுதிக்குச் சென்றது. ஜப்பானுக்கு எதிரான இரண்டு கோல்களை பானர்ஜியும் பலராமும் அடித்தனர்.

ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் ஒரு பேரிழப்பு நேர்ந்தது. ஜர்னைல் சிங்கின் நெற்றி பிளந்து குருதி கொட்டியது. தையல் போடப்பட்டது. அணியின் பின்களத்தைத் தாங்கிய தூண் அவர். உயர்ந்து வரும் பந்துகளைத் தலையால் முட்டித் திருப்புவது பின்கள வீரரின் நாள்தோறும் உள்ள வேலை. தையலிட்ட நெற்றியுடன் அவ்வேலையை எப்படிச் செய்வது?

வேறு பயிற்சியாளர் ஒருவர் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கலாம். ரஹீம் வேறு விதமாக எண்ணினார். அரையிறுதியில் ஜர்னைலைப் பின்களத்திலிருந்து எடுத்து, நடு முன்கள வீரராக நிறுத்தினார். தடுப்பவரைத் தாக்குபவராக்கினார். கல்லூரி நாள்களில் ஜர்னைல் முன்களத்திலும் ஆடியவர் என்பதை ரஹீம் அறிந்திருந்தார். தென்வியட்நாமுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் கோஸ்வாமி இரண்டு கோல்கள் அடித்தார். தலைக்கட்டுடன் ஆடிய ஜர்னைல் ஒன்று அடித்தார். இந்தியா 3–2 என்று வென்றது. ஒரே ஒரு கோல் இடைவெளி! கட்டுப்போட்ட தலையுடன் வந்தவரின் கோல் இல்லாவிட்டால் ஆட்டம் சமனில் நின்றிருக்கும்.

இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியா. முதல் நாள் தோற்கடித்த அதே அணி.

ரஹீம் மற்றுமொரு மாற்றத்தைச் செய்தார். அரையிறுதியில் கோலைக் காத்தவர் பிரத்யுத் பர்மன். அவர் பிழை எதுவும் செய்துவிடவில்லை. ஆனால் கொரியர்கள் உயரப் பந்துகளை அடிப்பவர்கள் என்பதால், உயரமான தங்கராஜை ரஹீம் தேர்ந்தெடுத்தார். தங்கராஜோ காய்ச்சலில் படுத்து எழுந்தவர். பர்மனுக்கு அன்று மனம் எவ்வளவு வருந்தியிருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அரையிறுதி வரை அணியைக் கொண்டுவந்த ஒருவர், இறுதியாட்டத்தைக் களத்துக்கு வெளியே இருந்து பார்த்தார். பதக்கப் பட்டியல்களில் இந்த வருத்தத்துக்கு இடம் இருப்பதில்லை.

ஆட்டத்துக்கு முன் ரஹீம் நீண்ட உரை எதுவும் நிகழ்த்தவில்லை. தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்று மட்டும் வீரர்களிடம் கேட்டார். அப்பரிசு தங்கப் பதக்கம். அந்த வேண்டுகோளை வீரர்கள் தம் முதுமையிலும் மறக்கவில்லை.

*

ஆட்டம் தொடங்கியது. இந்தியர்களிடம் பந்து வரும்போதெல்லாம் அரங்கம் கூவியது. அவ்வளவு பெரிய அரங்கில் இந்தியாவுக்காகக் கைதட்டிய ஒரு சிறு குழுவை வீரர்கள் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தனர். அக்குழு பாகிஸ்தானின் ஹாக்கி அணி! அதே போட்டிகளின் ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்று தங்கம் பெற்றவர்கள் அவர்கள். நாடு பிரிந்து பதினைந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. லயால்பூரில் பிறந்த ஜர்னைலுக்காக, லயால்பூர் இருக்கும் நாட்டினர் குரல் கொடுத்தனர்.

17ஆம் நிமிடத்தில் பானர்ஜி கோல் அடித்தார். அரங்கின் கூச்சல் ஒரு கணம் தடுமாறியது. 20ஆம் நிமிடத்தில் மற்றொரு கோல். அடித்தவர் யார்? பின்களத்தில் நிற்க வேண்டியவரும் தலையில் தையல் போட்டவருமாகிய ஜர்னைல் சிங்தான்!

மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு கோல்கள். ஆனால் அதன்பின் எழுபது நிமிடங்கள் எஞ்சியிருந்தன. கோல் அடிப்பதைக் காட்டிலும் அடித்த கோலைக் காப்பது கடினம். ஜர்னைல் இல்லாத பின்களத்தை அருண் கோஷ், திரிலோக் சிங், சந்திரசேகர் ஆகியோர் காத்தனர். அவர்களுக்கு முன்னால் ஃபிராங்கோவும் பிரசாந்த சின்காவும் இடைவிடாது ஓடினர். அவர்களையும் கடந்து வந்த பந்துகளுக்குத் தங்கராஜின் நீண்ட கைகள் காத்திருந்தன.

85ஆம் நிமிடத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. 2–1. அரங்கம் அதிர்ந்தது. எஞ்சியவை ஐந்து நிமிடங்கள். வெற்றிபெறும் அணிக்கு ஐந்து நிமிடங்கள் ஐந்து மணி நேரம்போல் நீளும். தோற்கும் அணிக்கோ ஐந்து நொடிகள்போல் சுருங்கும். அன்று அரங்கிலிருந்த ஒரே கடிகாரம் இரு அணிகளுக்கும் இரு விதமாக ஓடியிருக்கும்.

நடுவரின் ஊதல் ஒலித்தது. இந்தியா வென்றது. கூச்சலிடையே கேட்காமற்போன நாட்டுப்பண், பதக்கம் வழங்கும்போது மீண்டும் இசைக்கப்பட்டது.

*

ரஹீம் அதன்பின் ஓராண்டுகூட வாழவில்லை. 1963ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் மறைந்தார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்தில் இந்தியா பெற்ற கடைசித் தங்கம் அவர் கேட்டுப் பெற்ற அந்தப் பரிசேயாகும்.

பலராமின் ஆட்ட வாழ்வும் விரைவில் முடிந்தது. நுரையீரல் நோயால் முப்பது வயதுக்கு முன்பே களத்தைவிட்டு விலகினார். அவர் ஐதராபாத்துக்குத் திரும்பவில்லை. கல்கத்தாவை அடுத்து, ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள உத்தர்பாராவில் வாழ்ந்து, 2023இல் காலமானார். எல்லையைக் கடந்து வந்த ஜர்னைல் சிங் 2000ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரில் மறைந்தார். பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020இல், ஒருவருக்குப் பின் ஒருவராக ஆறு வார இடைவெளியில் கல்கத்தாவில் காலமாயினர்.

தங்கராஜ் கல்கத்தாவின் பெரிய அணிகளான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்றுக்கும் விளையாடினார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். பின்னர்ப் பயிற்சியாளரானார். எஃகு ஆலைக்காக எழுந்த பொகாரோ நகரில், இந்தியாவின் எல்லா மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் நடுவே அவர் வாழ்ந்தார். 2008இல் அங்கேயே மறைந்தார்.

*

சொல்லும் பொருளும்

இசைவு – அனுமதி
சினம் – கோபம்
தூதரகம் – ஒரு நாட்டின் பேராளர் பிறநாட்டில் தங்கிப் பணிபுரியும் அலுவலகம்
நாட்டுப்பண் – தேசிய கீதம்
குருதி – இரத்தம்
முன்களம் – ஆடுகளத்தில் எதிரணியின் கோலை நோக்கிய பகுதி
பின்களம் – தம் அணியின் கோலை அடுத்த பகுதி
ஊதல் – விசில்

பயிற்சி

1. சோந்தி சொன்னது சரியே எனினும், அதன் விளைவை வீரர்கள் ஏற்க நேர்ந்தது. அவர் பேசாமல் இருந்திருக்க வேண்டுமா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக.

2. ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்களத்துக்கு மாற்றியதன் காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

3. இறுதியாட்டம் நடந்த இரவில் பிரத்யுத் பர்மன் தம் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? அக்கடிதத்தைக் கற்பனையாக எழுதுக. (மகிழ்ச்சி, வருத்தம் ஆகிய இரண்டும் இடம்பெற வேண்டும்.)

4. 'பந்தைத் தடுத்தார்', 'அரங்கத்துக்குச் சென்றார்' ஆகிய தொடர்களில் ஐ, கு என்னும் வேற்றுமை உருபுகளை அடுத்து வல்லின மெய் மிகுந்துள்ளது. இவ்வாறு வல்லினம் மிகுந்த தொடர்கள் ஆறினைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.

5. கோல், அணி, கட்டு ஆகிய சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. பாடத்தில் வரும் பொருளிலும் வேறொரு பொருளிலும் அமைத்துத் தனித்தனித் தொடர்கள் எழுதுக.

6. இந்திய வரைபடத்தில் ஐதராபாத், வெலிங்டன், கல்கத்தா, பொகாரோ ஆகிய இடங்களைக் குறித்து, தங்கராஜ் வாழ்ந்த வரிசையில் கோட்டால் இணைக்க. பின்னர், உங்கள் தாத்தா பாட்டி, பெற்றோர் ஆகியோரிடம் கேட்டு, உங்கள் குடும்பம் வாழ்ந்த ஊர்களை வேறொரு நிறத்தில் அதே வரைபடத்தில் இணைக்க.